தனியாகச் செய்யும் மாந்திரீகத்தில் கருவிகளுக்கு என்ன வேலை?

கேள்வி: நொச்சி

அனைவருக்கும் வணக்கம். விக்கா எனப்படும் நவீன மேலைநாட்டு மாந்திரீகச் சமய நெறியை ஒட்டி, எந்தக் குழுவிலும் சேராமல், மூன்று ஆண்டுகளாகத் தனியாக மாந்திரீகம் பயின்று வருகிறேன். தொடக்கத்தில் என்னிடம் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு குறிப்பேடும்தான் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கறுப்புப் பிடி போட்ட, அதாமே எனப்படும் சடங்குக் கத்தி, இரண்டு மந்திரக்கோல்கள், கிண்ணம், பென்டக்கிள் எனப்படும் ஐம்முனை நட்சத்திரம் பொறித்த தட்டு, தூபக்கால், மணி, பெயர் மறந்துபோன பல படிகக் கற்கள் என்று இப்போது ஒரு பெட்டியே நிறைந்துவிட்டது. சிறியதொரு மந்திரச் செயலுக்குக்கூட இவற்றை எடுத்துத் துடைத்துப் பீடத்தில் அடுக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அடுக்கி முடிக்கும்போது, எதற்காக உட்கார்ந்தேனோ அந்த எண்ணம் ஆறிப்போய்விடுகிறது.

சென்ற மாதம், ஒரு நேர்காணலுக்காக வெளியூரில் தங்க நேர்ந்தது. பெட்டியைக் கொண்டுபோக முடியவில்லை. முதல் நாள் இரவு, சுட்டுவிரலால் என்னைச் சுற்றிச் சடங்கு வட்டமிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரை முன்னால் வைத்து, அதில் பேசவேண்டியதைப் பேசி, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் இருந்த ஒருமுகம், வீட்டில் முழுப் பீடத்தின் முன் உட்கார்ந்து ஒருநாளும் எனக்கு வாய்த்ததில்லை. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது, வேறு யாருடைய பொருள்களையோ பார்ப்பதுபோல் இருந்தது.

குழு ஒன்றில் தீட்சை பெற்ற தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். உருவேற்றிய கத்தி இல்லாமல் இட்ட வட்டம் வட்டமே ஆகாது, நான் செய்தது வெறும் பிரார்த்தனை என்று அவள் முடித்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை; குழப்பம்தான் இருக்கிறது. கருவியில் உண்மையில் ஏதேனும் இருக்கிறதா, அல்லது எல்லாம் செய்பவரிடமே இருக்கிறதா? எல்லாம் செய்பவரிடமே என்றால், முன்னோர் ஏன் கத்தியின் பிடி நிறம்வரை இவ்வளவு கண்டிப்பாக எழுதிவைத்தார்கள்?

மறுமொழி: பழஞ்சுவடி

நொச்சி அவர்களுக்கு, கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் "முன்னோர்" என்ற சொல் இந்தத் துறையில் பலரை வழிதவறச் செய்கிறது.

கோல், கிண்ணம், குறுவாள், பென்டக்கிள் என்ற நான்கையும் நெருப்பு, நீர், காற்று, நிலம் என்ற நான்கு பூதங்களுக்குரிய ஒரே தொகுதியாக இன்று நாம் அறிந்திருக்கும் ஒழுங்கு, 1888இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கத்தின் வழியாகப் பரவியது. அந்தச் சங்கத்தில் உயர்நிலையை அடைந்தவர், இந்நான்கையும் தம் கையாலேயே செய்து, குறிப்பிட்ட வண்ணம் தீட்டி, எழுத்துகள் எழுதி, தாமே உருவேற்ற வேண்டும். தயாராகக் கிடைப்பதை எடுத்துவைப்பதற்கு அங்கே இடமில்லை. அந்த உழைப்பே பயிற்சியின் பாதியாக இருந்தது என்பதை மறந்துவிட்டு, பொருளை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கறுப்புப் பிடிக் கத்தி இன்னும் பழையது. சாலமோன் அரசரின் பெயரில் வழங்கும் ஒரு மந்திர நூலின் கைப்பிரதிகளில், கறுப்புப் பிடியும் வெள்ளைப் பிடியும் கொண்ட கத்திகள் பேசப்படுகின்றன. மாத்தர்ஸ் என்பவர் 1889இல் அதன் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டார். அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். கோள்களின் ஓரை பார்த்து, குறித்த நாளில் உலோகத்தைக் காய்ச்சி, தோலைப் பதப்படுத்தி எழுதுவதற்கு வேண்டிய ஓய்வும் படிப்பும் உள்ள ஆண்களுக்காக அது எழுதப்பட்டது. ஆவிகளைக் கட்டளையிட்டு அழைப்பதே அவர்களுடைய நோக்கம். தவறினால் உயிருக்கே ஆபத்து என்று நம்பியவர்களிடம் கண்டிப்பு இருப்பதில் வியப்பில்லை.

இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964) விக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அவருடைய மரபில் தீட்சை பெறுபவருக்கு வாள், அதாமே, வெள்ளைப் பிடிக் கத்தி, கோல், பென்டக்கிள், தூபக்கால், சாட்டை, கயிறு என எட்டுக் கருவிகள் காட்டப்படுகின்றன. கார்ட்னர் மலாயாவில் அரசுப் பணியில் இருந்தவர். கிரிஸ் எனப்படும் மலாய்க் குறுவாள்களைச் சேகரித்து, 1936இல் அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். கத்தியின்மேல் அவருக்கிருந்த காதலுக்கும் விக்காவில் கத்திக்குக் கிடைத்த தலைமை இடத்துக்கும் தொடர்பே இல்லை என்று யாரேனும் வாதிட்டால் நான் நம்பமாட்டேன். இது என் ஊகம்தான்.

அதே கார்ட்னரின் மரபேட்டில் உங்கள் தோழி படித்திருக்கக்கூடிய ஒரு பகுதி உண்டு. சூனியக்காரர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில், வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரணப் பொருள்களையே கருவிகளாகக் கொள்ளவேண்டும், பென்டக்கிளை மெழுகில் செய்தால் ஆபத்து வரும்போது உடனே உருக்கிவிடலாம் என்று அது அறிவுரை சொல்கிறது. அந்தப் பகுதி உண்மையிலேயே வேட்டைக் காலத்தது என்பதற்குச் சான்று இல்லை. அது பிற்காலத்தில் எழுதப்பட்டதாகவே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எப்படியிருந்தாலும், உருக்கிவிடக்கூடிய கருவியும் கருவிதான் என்று மரபே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பூதங்களைப் பொருத்துவதிலும் ஒற்றுமை கிடையாது. கோல்டன் டானில் கோல் நெருப்பு, குறுவாள் காற்று. இன்று பலர் கத்தியை நெருப்பாகவும் கோலைக் காற்றாகவும் கொள்கின்றனர். இரு சாராரும் தத்தம் வழியில் நன்றாகவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த ஏடுகளையெல்லாம் அறியாத சாதாரண மக்கள் கையாண்ட பொருள்களைப் பார்த்தால் காட்சி மாறுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில், வெந்நீர் ஊற்றிலிருந்து ஏறத்தாழ 130 சாபத் தகடுகள் எடுக்கப்பட்டன. ரோமர் ஆட்சிக் காலத்தில், மேலங்கியையோ கையுறையையோ திருட்டுக் கொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கும்படி சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்தை வேண்டி, மெல்லிய ஈயத் தகட்டில் கீறி, ஊற்றில் எறிந்தவை அவை. ஈயம் மலிவானது, கூரான எதனாலும் அதில் எழுதலாம், சுருட்டலாம், நீரில் ஆழ்ந்துவிடும். கிரேக்கத்தில் கிடைத்த சில சாபத் தகடுகளில், "இந்த ஈயம் எப்படிக் குளிர்ந்து பயனற்றுக் கிடக்கிறதோ, அப்படியே அவனும் ஆகட்டும்" என்னும் கருத்தில் எழுதியிருக்கிறார்கள். பொருளின் குணமே அங்கே மந்திரத்தின் சொல்லாகிவிடுகிறது. உங்கள் கேள்விக்கு நான் காணும் பதிலும் அதில்தான் இருக்கிறது: ஈயத்துக்குத் தனிச் சக்தி இருந்ததோ இல்லையோ, எழுதியவர் கையில் அது கனத்தது, குளிர்ந்தது; சொல்ல வந்ததை அவருக்கு முன்பே அது சொல்லிக்கொண்டிருந்தது. தாங்கள் குடித்த தண்ணீரும் அப்படித்தான். பேசவேண்டியதை உள்ளே இறக்கிக்கொள்வதற்குக் குடிப்பதைவிட நேரான செயல் வேறு என்ன இருக்கிறது? கருவியின்றிச் செய்ததாகத் தாங்கள் நினைக்கிறீர்கள். மிகப் பொருத்தமான கருவி ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று நான் நினைக்கிறேன்.

மறுமொழி: கரிக்கோடு

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, புல்லை ஆயுதமாக்கும் அளவுக்கு நான் வல்லவன் இல்லை என்பது நினைவுக்கு வந்ததால் கொஞ்சம் எழுதுகிறேன்.

ஆஸ்டின் ஆஸ்மான் ஸ்பேர் (1886–1956) என்ற ஆங்கில ஓவியரை அடியொற்றி வந்த சிஜில் முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன். விருப்பத்தை ஒரு வாக்கியமாக எழுதி, திரும்ப வரும் எழுத்துகளை அடித்துவிட்டு, எஞ்சியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி ஒரு சின்னமாக்கி, மனம் குவிந்த ஒரு கணத்தில் அதைப் பார்த்துவிட்டு, பின்னர் அடியோடு மறந்துவிட வேண்டும். வாளும் வேண்டாம், தூபமும் வேண்டாம். தாளும் பென்சிலும் போதும்.

ஆங்கில எழுத்துக்கென ஏற்பட்ட இம்முறையைத் தமிழில் கையாளும்போது ஒரு சிக்கல் எழும். க, கி, கூ ஆகியவை ஒரே எழுத்தா, வேறு வேறா? நான் உயிர்க்குறிகளை நீக்கி, மெய்யை மட்டும் எண்ணுகிறேன். "எனக்கு அச்சமின்றிப் பேச வரும்" என்ற வாக்கியத்தில், முதலில் நிற்கும் உயிரெழுத்துகளையும் விட்டுவிட்டால், ன, க, ச, ம, ற, ப, வ, ர என்று எட்டுதான் எஞ்சும். வளைவுகள் மிகுந்த நம் எழுத்துகள் பின்னுவதற்கு மிக இசைவானவை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த நானே, ஆறு மாதங்களுக்குப் பிறகு, குறிப்பிட்ட ஒரு கரித்துண்டு இல்லாவிட்டால் சின்னம் வரையமாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அந்தக் கரித்துண்டு தொலைந்த வாரத்தில் ஒன்றும் செய்யவில்லை. "பொருள் இல்லை, அதனால் முடியவில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். கருவிகளைத் துறப்பவரும் அவற்றிலிருந்து தப்புவதில்லை என்பது என் அனுபவம். கையில் திரும்பத் திரும்ப எது வந்து அமர்கிறதோ, அது கருவியாகிவிடுகிறது.

மறுமொழி: திரிவிளக்கு

தத்துவத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பொருளும் சடங்கில் செய்யும் வேலை என்ன என்று கேட்டுப் பார்த்தால், பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது தானே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

மெழுகுவர்த்தி முதன்மையாக ஒரு கடிகாரம். அது எரியும் நேரம்தான் செயலின் நேரம். ஆகவே கால் மணி நேரத்தில் எரிந்து தீரும் மெல்லிய திரி எனக்குப் போதும். இரவு முழுவதும் எரியும் தடித்த வர்த்தியை ஏற்றிவிட்டு, பாதியில் அணைக்கலாமா கூடாதா என்று கவலைப்படுவதைவிட அது மேலானது. முடிச்சு மந்திரத்தில் கயிற்றின் வேலை எண்ணுவது. ஒன்பது முடிச்சுப் போடும்போது விரல் எண்ணிக்கொள்வதால் வாய் சொல்லில் நிற்கிறது. மணி தொடக்கத்தையும் முடிவையும் பிரித்துக் காட்டுகிறது. அதற்குக் கைதட்டலும் போதும். கத்தி, கோல் இரண்டின் வேலையும் சுட்டுவது. நீங்கள் விரலால் செய்ததும் அதுவே. ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் பீடத்தில் இருக்கும்போது மனம் இரண்டுக்கும் நடுவே அலைகிறது. உங்களிடம் கோல் மட்டுமே இரண்டு.

படிகக் கற்கள் மட்டும் வேறு வகை. அவற்றுக்கு நம்மால் ஒரு வேலையைக் கொடுக்க முடியும், ஆனால் அவை எதையும் தாமாகக் காட்டித்தருவதில்லை. பெயர் மறந்துபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் தெரியாத கல்லை உடனே அடையாளம் கண்டுகொள்ளுங்கள், அல்லது பயன்படுத்தாதீர்கள். இதை மந்திரக் காரணத்துக்காகச் சொல்லவில்லை. தண்ணீரில் பேசிக் குடிக்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டதால், அடுத்து அதில் ஒரு கல்லைப் போடலாம் என்று தோன்றக்கூடும். பச்சை நிற மலக்கைட்டில் செம்பு இருக்கிறது. சிவந்த சின்னபாரில் பாதரசம் இருக்கிறது. பளபளக்கும் கலீனா ஈயத் தாது. இவற்றில் எதையும் குடிக்கும் நீரில் இடக்கூடாது. செலினைட் என்பது ஜிப்சம். நகத்தால் கீறும் அளவுக்கு மென்மையானது. நீரில் கிடந்தால் மெல்லக் கரைந்து மேற்பரப்பு கெட்டுவிடும். தூய்மைப்படுத்துவதற்காக வெயிலில் நெடுநேரம் வைத்தால் அமெதிஸ்ட்டின் ஊதா நிறம் வெளுத்துவிடும். உப்பில் புதைத்து வைக்கும் வழக்கத்தால் எத்தனையோ கத்திகளின் அலகு துருப்பிடித்திருக்கிறது. என்னுடையதும் அவற்றில் ஒன்று.

வர்த்தியின்மேல் நறுமண எண்ணெயைத் தடவி, உலர்ந்த மூலிகையைத் தூவி எரிப்பது படங்களில் அழகாக இருக்கும். நேரில், மூலிகை தனித் திரியாகப் பற்றிக்கொண்டு, ஒரு வர்த்தி பந்தமாகிவிடும். எண்ணெய் ஒரு துளிக்கு மேல் வேண்டாம்; மூலிகையை வர்த்தியின் அடியில் தட்டில் பரப்பாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; சன்னலைத் திறந்து வையுங்கள்; எரியும்போது அறையை விட்டுப் போகாதீர்கள்.

முக்கால் மணி நேர ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்பாடு நீண்டிருப்பது தவறில்லை, அந்த நேரத்திலேயே மனம் பழகிய தடத்தில் இறங்கிவிடுமானால். உங்களுக்கு எண்ணம் ஆறிப்போகிறது என்றால், அந்த அடுக்கல் சடங்கின் பகுதியாக இல்லாமல் வீட்டுவேலையாகிவிட்டது என்று பொருள். துடைப்பதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

மறுமொழி: பதின்மூன்றாம் நிலா

மற்றவர்களின் மறுமொழிகளைப் படித்தேன். நொச்சியின் தோழிக்காக ஒருவராவது பேசவேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நானும் கோவன் எனப்படும் குழு ஒன்றில் தீட்சை பெற்றவன்.

ஒரு வட்டத்துக்குள் எட்டுப்பேர் நிற்கும்போது, தலைமை தாங்குபவர் மனத்துக்குள் வட்டம் இடுகிறார் என்பதை மற்ற ஏழுபேர் எப்படி அறிவது? கத்தி உயர்கிறது, எல்லோர் கண்ணும் அதன் நுனியைப் பின்தொடர்கின்றன, கிழக்கில் தொடங்கி மீண்டும் கிழக்கில் வந்து நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே கணத்தில் வட்டம் மூடுகிறது. குழுவில் கருவி என்பது பலர் மனத்தை ஒரே இடத்தில் கட்டும் கயிறு. அங்கே அது இல்லாமல் இட்ட வட்டம் உண்மையிலேயே வட்டமாகாது. உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. தன் வட்டத்தின் விதியை உங்கள் அறைக்குள் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் அதாமே எனக்குத் தீட்சை கொடுத்தவர் முன்னிலையில் உருவேற்றப்பட்டது. பதினோரு ஆண்டுகளில் அதை வேறு எந்த வேலைக்கும் எடுத்ததில்லை. ஒரு நூலைக்கூட அதனால் வெட்டியதில்லை, அதற்கு வெள்ளைப் பிடிக் கத்தி இருக்கிறது. இன்று அந்தப் பிடியில் கை பட்டவுடன் மூச்சு தானே நீண்டுவிடுகிறது. திரிவிளக்கு அவர்கள் சொல்வதுபோல் அதன் வேலை சுட்டுவதுதான் என்றால், என் விரலுக்கு அந்த வேலை ஏன் வருவதில்லை? விரல் சோறு பிசைகிறது, தட்டச்சு செய்கிறது, மூக்கைச் சொறிகிறது. கத்தி அந்த ஒன்றை மட்டுமே செய்கிறது. சக்தி கத்தியில் இருக்கிறதா, என்னில் இருக்கிறதா என்று கேட்டால், பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி: நொச்சி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பதின்மூன்றாம் நிலா அவர்களின் மறுமொழியைத் தோழிக்கு அனுப்பினேன்; நெடுநாளைக்குப் பிறகு இருவரும் சண்டையின்றிப் பேசினோம்.

மூன்று வாரம் ஒரு சோதனை செய்தேன். முதல் வாரம் பெட்டியையே திறக்கவில்லை. தண்ணீரும் விரலும் மட்டும். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது, ஐந்தாம் நாள் அதுவும் சலித்துவிட்டது. வெளியூரில் வாய்த்த அந்த ஒருமுகம், கருவி இல்லாததால் மட்டும் வந்ததன்று, மறுநாள் நேர்காணல் இருந்ததாலும் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் வாரம், திரிவிளக்கு அவர்கள் சொன்னபடி ஒரு வேலைக்கு ஒரு பொருள் என்று எடுத்துவைத்தேன். கிண்ணம், மெல்லிய வர்த்திகள், ஒரு கயிறு ஆகியவை நின்றன. மணியின் ஓசை பிடித்திருப்பதால், வேலை இருக்கிறதோ இல்லையோ, அதையும் வைத்துக்கொண்டேன். கற்களை அடையாளம் காண முயன்றதில் ஒன்று மலக்கைட் என்று தெரிந்தது, நல்லவேளை. மூன்றாம் வாரம், பழஞ்சுவடி அவர்கள் குறிப்பிட்ட கையுழைப்பு மனத்தில் நின்றதால், விழுந்து கிடந்த ஒரு கிளையைச் சீவி நானே ஒரு கோல் செய்தேன். கோணலாக இருக்கிறது. பழைய இரண்டு கோல்களையும் இப்போது தொடத் தோன்றவில்லை.

அதாமேதான் மிச்சம். மூன்று ஆண்டுகள் அதை வைத்திருந்தும் என் கை அதனோடு பழகவே இல்லை. உருவேற்றிய கத்தியை எப்படி விடுவது? மண்ணில் புதைக்கவேண்டும் என்று எங்கோ படித்தேன்.

மறுமொழி: பதின்மூன்றாம் நிலா

உருவேற்றியபோது சொன்னதைத் திருப்பிச் சொல்லி, இனி நீ வெறும் இரும்பு என்று விடை கொடுத்து, உப்புநீரில் ஒருமுறை கழுவி உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். துருவைப் பற்றித் திரிவிளக்கு அவர்கள் ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்கள். பிறகு, அதை விரும்பும் ஒருவருக்கு உறையோடு கொடுக்கலாம். தோழியிடமே கேட்டுப் பாருங்கள். இருபுறமும் கூர்மையுள்ள கத்தியைப் பொதுவிடத்தில் எடுத்துச் செல்லப் பல நாடுகளில் சட்டத் தடை உண்டு என்பதால், கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டாம். புதைக்கவும் வேண்டாம், பின்னொரு நாள் தோண்டுபவருடைய கை அதன்மேல் படும்.